ஆடவா, அடுக்கி வைக்கவா? பழைய மினியேச்சர் போர் ஆட்டங்களைப் பற்றி ஒரு பதில்

கேள்வி இதுதான்: "சென்னையில் இருக்கிறேன், நாற்பது தாண்டிவிட்டது. பள்ளிக்கூட நாட்களில் பழைய ஆங்கில இதழ்களில் படமாக மட்டும் பார்த்த மினியேச்சர் போர் ஆட்டங்களை இப்போது ஆட ஆசை. அந்தக் காலத்து ஈயப் பொம்மைகளை வரவழைத்துச் சேகரிக்கத் தொடங்கலாமா? இல்லை, வெறும் ஏக்கத்துக்குப் பணம் செலவழிக்கப் போகிறேனா?"

சின்னப் பொம்மைப் படைகளை மேஜைமேல் நகர்த்திச் சண்டையிடும் அந்த ஆட்டத்தை இந்த மாதமே தொடங்கிவிடுங்கள். சேகரிப்பைக் கொஞ்சம் ஆறப்போடுங்கள். இரண்டும் ஒரே ஆசை மாதிரித்தான் தெரியும். ஆனால் முதலாவது மேஜையைச் சுற்றி நாலு பேரைக் கூட்டும், இரண்டாவது பீரோவைப் பூட்டி வைக்கும். பழைய ஆட்டத்தை ஆடப் பழைய பொம்மை வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. அந்த ஆட்டங்கள் பிறந்த காலத்தில் ஆடியவர்களில் பாதிப் பேரிடம் 'சரியான' பொம்மைகள் இருந்ததே இல்லை. கைக்குக் கிடைத்ததை வெட்டி, ஒட்டி, வண்ணம் பூசித்தான் ஆடினார்கள். நீங்கள் ஏங்குவது அந்தக் கைவேலைக்குத்தான் என்பது என் கணிப்பு. அதற்கு ஏலத்தளத்தில் அலைய வேண்டியதில்லை.

நம் ஊர் ஏக்கமே கொஞ்சம் வேடிக்கையானது. இங்கிலாந்தில் வளர்ந்த ஒருவர், சிறுவயதில் சனிக்கிழமை தோறும் கடைக்குப் போய் வாங்கியதை நினைத்து ஏங்குவார். நாம் ஏங்குவது வாங்காததை நினைத்து. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் சென்னையில் இந்தப் பொம்மைகளை விற்கும் கடை என்று ஒன்றைச் சொல்ல முடியாது. திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதையிலோ, 1985-ல் மூர் மார்க்கெட் எரிந்தபின் பக்கத்தில் இடம் மாறிய பழைய புத்தகக் கடைகளிலோ அட்டை கிழிந்த 'ஒயிட் டுவார்ஃப்' இதழ் ஒன்று சிக்கினால் உண்டு. இன்னொரு வழி லெண்டிங் லைப்ரரி. 'இடது பக்கம் போனால் 214-ஆம் பத்திக்குப் போ' என்று பகடை உருட்டச் சொல்லும் சாகசப் புத்தகங்களை அங்கே எடுத்துப் படித்தவர்கள் நம்மில் நிறைய. அந்த வகையை 1982-ல் பிரபலமாக்கிய ஸ்டீவ் ஜாக்சன், இயன் லிவிங்ஸ்டன் இருவரும்தான், ஜான் பீக் என்ற நண்பரோடு சேர்ந்து 1975-ல், 'ஒயிட் டுவார்ஃப்' இதழையும் இந்தப் போர் ஆட்டங்களையும் வெளியிடும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனத்தைத் தொடங்கியவர்கள். ஆக, தெரியாமலேயே அந்த வீட்டு வாசல்வரை போய் வந்திருக்கிறோம்.

ஆனால் சின்ன உருவங்களை வைத்து ஓர் உலகம் கட்டுகிற வேலை நமக்குப் புதிதா என்ன? நவராத்திரிக்குப் படிக்குக் கீழே 'பார்க்' போட்ட பிள்ளைகளைக் கேளுங்கள். மணல் கொட்டி, பத்து நாளைக்கு முன்பே கடுகோ கேழ்வரகோ தூவி முளைக்க வைத்து, உடைந்த கண்ணாடித் துண்டைக் குளமாக்கி, நீலச் சாக்பீஸ் பொடியில் ஆறு இழுத்து, மலைமேல் ஒரு முருகன் கோயில். அந்த மலையடிவாரத்தில் திருவிழாக் கடையில் வாங்கிய பச்சை பிளாஸ்டிக் சிப்பாய்கள், பக்கத்தில் அவர்களைவிடப் பெரிய வாத்து ஒன்று. அளவு பொருந்தாது, யாரும் கவலைப்பட மாட்டார்கள். மேல்நாட்டு ஆட்டக்காரர்கள் 'நிலக்காட்சி' என்று தடித்தடிப் புத்தகம் போடும் கலையின் முக்கால்வாசி அதில் இருக்கிறது. விஜயதசமி முடிந்ததும் அதைக் கலைத்துவிடுவோம், அது ஒன்றுதான் குறை.

'பழைய ஆட்டம்' என்பதில் எவ்வளவு பழையது என்று முதலில் தீர்மானிக்க வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு காலத்துக்கும் ருசி வேறு. பிரஷ்ய ராணுவ அதிகாரிகளுக்காக ரைஸ்விட்ஸ் என்ற தந்தையும் மகனும் 1812-லும் 1824-லும் செய்த போர்ப் பயிற்சி ஆட்டம்தான் மூதாதை. அது பொழுதுபோக்கு அல்ல, உத்தியோகம். பொழுதுபோக்காக்கியவர் எச்.ஜி.வெல்ஸ். 1913-ல் 'லிட்டில் வார்ஸ்' எழுதினார். அதற்கு இருபது வருடம் முன்பு, 1893-ல், வில்லியம் பிரிட்டன் கம்பெனி உள்ளே வெற்றிடமாக ஈயச் சிப்பாய்களை வார்க்கும் முறையைக் கண்டுபிடித்ததால் அவை மலிவாகி, நடுத்தர வீட்டுப் பிள்ளைகளின் கைக்கு வந்திருந்தன. வெல்ஸின் ஆட்டத்தில் பகடையே கிடையாது. ஸ்பிரிங் வைத்த பொம்மைப் பீரங்கியில் மரக்குச்சியைப் போட்டுச் சுடுவார்கள், விழுந்த பொம்மை செத்தது. காலாட்படை ஒரு முறைக்கு ஓர் அடி, குதிரைப்படை இரண்டு அடி. ஆடும் இடம் வீட்டுத் தரை.

அடுத்த காலம் ஏர்ஃபிக்ஸ் காலம். 1959 முதல் அந்தக் கம்பெனி ஓர் அங்குல உயரத்துக்கும் குறைவான மெத்தென்ற பிளாஸ்டிக் சிப்பாய்களைப் பெட்டி பெட்டியாக விற்றது. 1962-ல் டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் 'வார் கேம்ஸ்' என்ற புத்தகத்தில் பழங்காலம், துப்பாக்கியும் குதிரையும், நவீன காலம் என்று மூன்றுக்கும் எளிய விதிகள் கொடுத்தார். ரோமானியனைத் தலை வெட்டி வேறு தலை ஒட்டி இன்னொரு நாட்டுக்காரனாக்கும் வித்தையெல்லாம் அப்போது செழித்ததுதான். கற்பனை உலகப் போர்கள் வந்தது அதற்குப் பிறகு. கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் 1971-ல் 'செயின்மெயில்' விதிகளைப் போட்டார்கள், அதிலிருந்து 1974-ல், ஆளுக்கொரு பாத்திரமாகி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் முளைத்தது.

உங்கள் கேள்வியின் வாசனையைப் பார்த்தால் உங்கள் மனசு இருப்பது அதற்கும் அடுத்த காலத்தில்தான். 1983-ல் பிரையன் ஆன்செல், ரிச்சர்ட் ஹாலிவெல், ரிக் பிரீஸ்ட்லி மூவரும் வார்ஹேமரை வெளியிட்டார்கள். காரணம் பச்சையான வியாபாரம்: டன்ஜன்ஸ் ஆடுகிறவர் ஐந்தாறு பொம்மை வாங்கினால் போதும். கேம்ஸ் வொர்க்ஷாப்பின் சிட்டாடல் பொம்மைகள் நூறு நூறாக விற்க வேண்டுமென்றால் படை நடத்தும் ஆட்டம் வேண்டும். 1987-ல் அதன் விண்வெளித் தம்பி, 'ரோக் ட்ரேடர்' என்ற துணைப்பெயரோடு வார்ஹேமர் 40,000. 1989-ல் ஸ்பேஸ் ஹல்க், அதே வருடம் மில்டன் பிராட்லியோடு சேர்ந்து ஹீரோகுவெஸ்ட். பிறகு 1995-ல் நெக்ரோமுண்டா, 1999-ல் மோர்ட்ஹைம்.

வியாபாரத்துக்காகப் பிறந்ததுதான், ஆனாலும் தொடக்க வருடங்களில் அதில் ஒரு தாராளம் இருந்தது. ரோக் ட்ரேடர் ஆட எதிரெதிரே இருவர் போதாது, கதை சொல்ல மூன்றாவதாக ஒரு நடுவர் வேண்டும். எந்தக் கம்பெனிப் பொம்மையும் செல்லும். காலியான டியோடரண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் பறக்கும் கவச வண்டி செய்வது எப்படி என்று அந்தக் காலத்தில் அவர்களே சொல்லிக்கொடுத்தார்கள்! அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். இன்றைக்கு அதே நிறுவனம் நடத்தும் போட்டியில் அந்த டப்பாவோடு போனால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

ஏக்கத்தைக் காசாக்கும் வித்தை அவர்களுக்கு நன்றாகத் தெரியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிளட் பவுல் என்ற பழைய ஆட்டம் 2016-ல் திரும்பி வந்தது, நெக்ரோமுண்டா 2017-ல். 2015-ல் மூட்டை கட்டிய பழைய வார்ஹேமர் உலகத்தை 2024 ஜனவரியில் 'தி ஓல்ட் வேர்ல்ட்' என்று மறுபடி கடைக்குக் கொண்டுவந்தார்கள். ஹீரோகுவெஸ்ட்டையும் ஹாஸ்ப்ரோ மறுபதிப்பாக்கிவிட்டது. இவை மோசமான ஆட்டங்கள் இல்லை. ஆனால் உயிரோடு இருக்கும் ஆட்டத்தில் மூன்று நான்கு வருடத்துக்கு ஒரு முறை விதி மாறும், புதுப் புத்தகம் வரும், போன வருடம் வலுவாக இருந்த படை இந்த வருடம் சொத்தையாகும். கம்பெனி கைவிட்ட ஆட்டத்தில் அந்தத் தொல்லை இல்லை. விதிப்புத்தகம் ஒன்றுதான், அதுவும் இனி மாறாது. வாங்க வேண்டியது தீர்ந்துபோகும். நம் வருமானத்துக்கும் நம் அஞ்சல் செலவுக்கும் செத்த ஆட்டம்தான் சரி.

எதை ஆடுவது? ஃபிளாட்டில் இருப்பவர் என்றால் முதலில் இடத்தைப் பாருங்கள். வார்ஹேமர் படங்களில் பார்த்த ஆறடிக்கு நாலடி மேஜை போட்டால் ஹாலில் டிவியைக் கழற்ற வேண்டியிருக்கும். ஆகவே என் முதல் சிபாரிசு டிபிஏ (டி பெல்லிஸ் ஆன்டிக்விடாட்டிஸ்). ஃபில் பார்க்கர் தலைமையில் 1990-ல் வந்த பழங்காலப் போர் விதிகள் இவை. ஒரு பக்கத்துக்குப் பன்னிரண்டு தளங்கள் (உருவங்களை ஒட்டிய சின்ன அட்டைகள்), அவ்வளவுதான் படை. பெரும்பாலான தளங்களில் இரண்டு முதல் நான்கு உருவங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு பகடையை உருட்டுவீர்கள், விழுந்த எண்ணிக்கை அளவுக்குத்தான் தளங்களையோ, ஒட்டி நிற்கும் தளக் கூட்டங்களையோ நகர்த்தலாம். ஒன்று விழுந்தால் சேனாதிபதி கத்திக்கொண்டே இருக்க, படை பாட்டுக்கு நிற்கும். மோதும்போது இருவரும் பகடை உருட்டித் தத்தம் பலத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும், உங்கள் தொகை எதிரியுடையதைப் போல இரட்டிப்பானால் பெரும்பாலும் அவன் அழிவான். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

பதினைந்து மில்லிமீட்டர் உருவங்களுக்கு இதற்குத் தேவையான பரப்பு இரண்டடிச் சதுரம். கேரம் போர்டின் உள்பக்கம் இருபத்தொன்பது அங்குலம். மேலே பச்சைத் துணி விரித்தால் போர்க்களம் தயார், ஸ்டாண்டும் ஏற்கெனவே வீட்டில் இருக்கும். இன்னொரு சந்தோஷம், அதன் படைப் பட்டியல்களில் தமிழர் படைக்கும் யானைகளோடு ஓர் இடம் உண்டு. இங்கிலாந்தில் உட்கார்ந்து எழுதியவர்கள் நம்மைப் பற்றிச் சொன்னதில் எனக்குச் சில சண்டைகள் உண்டு. அதை வேறொரு நாள் வைத்துக்கொள்வோம்.

வீட்டில் எட்டு பத்து வயதுப் பிள்ளைகள் இருந்தால் டிபிஏவை விடுங்கள், 'லிட்டில் வார்ஸ்' ஆடுங்கள். புத்தகத்துக்குக் காப்புரிமை முடிந்துவிட்டது, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். மொசைக் தரையோ சிவப்பு ஆக்ஸைடு தரையோ, அதற்கென்றே போட்டது போல இருக்கும். கிலோ கணக்கில் விற்கும் பிளாஸ்டிக் சிப்பாய்களைப் பாரிமுனைப் பக்கத்து மொத்தக் கடைத் தெருக்களில் வாங்கலாம். பீரங்கிக்குப் பால்பாயின்ட் பேனாவின் ஸ்பிரிங் போதும், குண்டு தீக்குச்சித் துண்டு. கண்ணாடி மாட்டிக்கொண்டு சுடச் சொல்லுங்கள், முகத்துக்கு நேரே சுட்டவனுக்கு ஒரு முறை ஆட்டம் இல்லை என்று விதி வையுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு ஆடினால் சண்டை வராது.

மோர்ட்ஹைம் நல்ல மூன்றாவது படி. ஆளுக்குப் பத்துப் பதினைந்து உருவம்தான், நாலடிச் சதுரம் இருந்தால் போதும். ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் உங்கள் ஆட்கள் காயப்படுவார்கள், கற்றுக்கொள்வார்கள், சிலர் நொண்டியாகத் திரும்பி வருவார்கள். இடிந்துபோன ஊர்தான் களம் என்பதால் எவ்வளவு கோணலாகக் கட்டடம் செய்தாலும் குற்றம் சொல்ல முடியாது. ரோக் ட்ரேடரை மட்டும் முதல் ஆட்டமாக எடுக்காதீர்கள். புத்தகம் படிக்க அற்புதம், ஆட ஆரம்பித்தால் எந்த விதி எந்தப் பக்கத்தில் என்று தேடுவதிலேயே மாலை போய்விடும்.

சாமான் விஷயத்தில் சென்னைக்காரருக்குக் கவலையே வேண்டாம். மலைக்குத் தெர்மோகோல்: எந்த வீட்டு உபயோகப் பொருள் கடையின் பின்பக்கமும் கிடக்கும். அடுக்கடுக்காக ஒட்டும்போது ஃபெவிகால் போடுங்கள், கரைப்பான் கலந்த பசை தெர்மோகோலைத் தின்றுவிடும். ஸ்பிரே பெயிண்டும் அப்படியே, முதலில் தண்ணீர் கலந்த ஃபெவிகாலும் மணலும் பூசிக் காயவிட்ட பிறகுதான் அதன்மேல் அடிக்க வேண்டும். மெரினா மணலை அப்படியே அள்ளி ஒட்டாதீர்கள், உப்பு கசிந்து உலோகப் பொம்மையின் காலை அரிக்கும். நாலைந்து முறை அலசி வெயிலில் காயவைத்த மணல் போதும். காய்ந்த புல்லுக்குத் தேங்காய் நார். பச்சைப் புல்லுக்கு மரத்தூளில் சாயம் கலந்து உலர்த்துவது, அந்தக் காலத்து இங்கிலாந்துக்காரர்களும் செய்தது அதைத்தான். ஈட்டிக்கு ஈர்க்குச்சியின் மெல்லிய நுனி: வளையும், ஆனால் ஈய ஈட்டி மாதிரி முறியாது, குழந்தை கையிலும் குத்தாது. கையோ கேடயமோ காணாமல் போன பொம்மைக்கு எம்-சீல். இரண்டு உருண்டையையும் பிசைந்து, ஈரப்படுத்திய ஊசியால் செதுக்க அரை மணி நேரம் கிடைக்கும். காய்ந்தபின் உப்புத்தாள் போடலாம். தூரத்தை அளக்கத் தையற்காரரின் இன்ச் டேப்பைவிட வசதியானது எதுவும் இல்லை, பொம்மைகளுக்கு நடுவே வளைந்து கொடுக்கும்.

மரம், வேலி, கிணறு, குடிசை எல்லாம் நானே செய்துதான் ஆக வேண்டுமா என்றால், வேண்டாம். நவராத்திரி சமயத்தில் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் பார்க்குக்கென்றே இவை குவிந்திருக்கும். கடைசி இரண்டு நாள் பேரம் நன்றாகப் படியும். பளபளப்பு வண்ணத்தின்மேல் ஒரு கோட் பழுப்பு, பிறகு காய்ந்த பிரஷ்ஷால் மேலோட்டமாக வெளிர் நிறம் தேய்த்தால் பிளாஸ்டிக் களை போய்விடும். களிமண் வீடு வேண்டுமென்றால் கொசப்பேட்டை.

இனி சேகரிப்பு. எவ்வளவு தடுத்தாலும் பத்துப் பதினைந்து பழைய உருவங்களாவது வாங்கத்தான் போகிறீர்கள், அதனால் தெரிந்துகொண்டு வாங்குங்கள். சிட்டாடல் பொம்மைகள் எண்பதுகளின் நடுவிலிருந்து, காலடியில் ஒரு பட்டையோடு வந்தன, பிளாஸ்டிக் தளத்தின் பிளவில் செருகுவதற்காக. அந்தப் பட்டையில் கம்பெனிப் பெயர், பல சமயம் பொம்மையின் பெயர், சிலவற்றில் வருடம்கூட வார்க்கப்பட்டிருக்கும். விற்பவரிடம் முகத்தின் படத்தைக் கேட்பதற்கு முன் பட்டையின் படத்தைக் கேளுங்கள். போலி வார்ப்பு என்றால் அந்த எழுத்து மழுங்கியிருக்கும், உருவம் அசலைவிட ஒரு மயிரிழை சிறியதாக இருக்கும். அச்செடுத்து மறுபடி வார்க்கும்போது உலோகம் சுருங்குவதுதான் காரணம். வண்ணம் கன்னாபின்னாவென்று பூசப்பட்ட பொம்மை மலிவாகக் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். டெட்டாலில் ஒரு நாள் ஊறப்போட்டுப் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தால் பெயிண்ட் உரிந்துவரும். இங்கிலாந்துக்காரர்களின் பழைய வைத்தியம் இது. உரிந்ததைத் தண்ணீரில் கழுவினால் பிசுபிசுவென்று அப்பிக்கொள்ளும், ஆகவே முதல் அலசலும் டெட்டாலிலேயே. அசிட்டோன் உலோகத்துக்கு மட்டும். பிளாஸ்டிக் பொம்மையை அதில் போட்டால் சாயங்காலம் பொம்மை இருக்காது.

வரவழைப்பதுதான் தலைவலி. பொம்மைகள் மீதான இறக்குமதி வரி 2020 பிப்ரவரியில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70 ஆனது. 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு பிஐஎஸ் தரக் குறியும் கட்டாயம். 'பரிசு' என்று எழுதி அனுப்பும் பழைய உபாயமும் 2019 டிசம்பரோடு போயிற்று, ராக்கிக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும் மட்டும்தான் அந்தச் சலுகை மிஞ்சியிருக்கிறது. முப்பது வருடப் பழைய ஈயத் துண்டுக்கு யாரிடம் போய் என்ன சான்றிதழ் வாங்குவது? அதனால் சென்னைக்காரர்கள் எல்லோரும் செய்வதையே நீங்களும் செய்வீர்கள்: லண்டனிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் சித்தி பையன் விலாசத்துக்கு அனுப்பச் சொல்லி, அவன் ஊருக்கு வரும்போது காத்திருப்பீர்கள். ஊறுகாய் பாட்டிலுக்கும் பொடி டப்பாவுக்கும் கைம்மாறாக இதைக் கேட்பதில் தப்பில்லை.

கைக்கு வந்தபின் அடுத்த எதிரி நம் ஊர்க் காற்று. தொண்ணூறுகளின் பிற்பகுதிவரை பெரும்பாலான பொம்மைகள் ஈயம் கலந்த உலோகத்தில் வார்க்கப்பட்டவை. 1997 வாக்கில்தான் கேம்ஸ் வொர்க்‌ஷாப் ஈயமில்லாத வெள்ளை உலோகத்துக்கு மாறியது. ஈரக்காற்றும் அமில ஆவியும் சேர்ந்தால் ஈயத்தின்மேல் வெள்ளைப் பொடி பூக்கும். அது ஈயக் கார்பனேட், பொம்மை மேலிருந்து உள்வரை பொடியாகிக்கொண்டே போகும். அமில ஆவிக்கு மூலம் பெரும்பாலும் நீங்கள் ஆசையாகச் செய்துவைத்த மர அலமாரிதான். ஓக் மரம் ரொம்ப மோசம், பிளைவுட்டும் எம்டிஎஃப்பும் அவற்றின் பசையால் மோசம், அட்டைப்பெட்டியும் நல்லதில்லை. அடையாறிலோ பெசன்ட் நகரிலோ கடற்காற்று வாங்கும் வீடு என்றால் கேட்கவே வேண்டாம். பொம்மை முழுக்கப் பிரைமர், வண்ணம், வார்னிஷ் பூசி மூடுங்கள், அடிப்பாகத்தை மறக்காமல். சமையலறையில் இருக்கும் மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைப்பது கண்ணாடி அலமாரியைவிட எவ்வளவோ மேல். வெள்ளைப் பொடி பூத்த பொம்மையை உலர்ந்தபடி தேய்க்கவே கூடாது, அந்தத் தூசி நஞ்சு. ஈயப் பொம்மையைத் தொட்ட கையோடு சாப்பிட உட்காராதீர்கள். விவரம் தெரியாத குழந்தை இருக்கும் வீட்டில் இவை எட்டாத உயரத்தில்தான் இருக்க வேண்டும்.

சேகரிக்கும் அரிப்புக்கு உள்ளூரிலேயே ஒரு மருந்து இருப்பதையும் சொல்கிறேன். எம்ஆர்எஃப் குழுமத்தைச் சேர்ந்த ஃபன்ஸ்கூல் நம் சென்னைக் கம்பெனி. அது இந்தியாவில் விற்ற ஜி.ஐ.ஜோ பொம்மைகளில், அமெரிக்க அச்சுகளில் வார்த்து வேறு நிறம் கொடுத்தவை பல. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இன்று அவற்றைத் தேடி வாங்குகிறார்கள். இது போர் ஆட்டப் பொம்மை இல்லைதான். ஆனால் நம் கையில் உண்மையிலேயே இருந்த பொம்மை. பரணில் கிடக்கும் பிஸ்கட் டின்னைத் திறந்து பாருங்கள், சுங்க வரி இல்லை.

வண்ணம் பூசுவதற்கு இரண்டு குறிப்பு. ஐப்பசி, கார்த்திகை மழை நாளில் ஸ்பிரே பிரைமர் அடித்தால் வெண்மையாகப் பனி படிந்த மாதிரி ஆகிவிடும், மழை விட்டு இரண்டு நாள் வெயில் காயட்டும், அல்லது பிரஷ்ஷால் பூசுங்கள். சித்திரை வெயிலில் அக்ரிலிக் தட்டிலேயே காய்ந்துபோகும். தட்டையான டப்பாவில் ஈரத்துணி மடித்து, மேலே பட்டர் பேப்பர் விரித்து, அதில் வண்ணம் கலந்தால் மணிக்கணக்கில் ஈரமாக இருக்கும். ஃபெவிக்ரிலும் கேம்லினும் நிலக்காட்சிக்கும் தளத்துக்கும் நன்றாகவே போதும். முகத்துக்கும் உடைக்கும் மட்டும் நல்ல மினியேச்சர் வண்ணம் ஆறேழு பாட்டில் வாங்குங்கள். இப்போதைய பாணி மங்கலும் அழுக்குமாக இருக்கிறது. தொண்ணூறுகளின் பாணியோ ரத்தச் சிவப்பு, மஞ்சள், தளத்தின் விளிம்பில் பளீர் பச்சை. அந்தப் படங்களில் மயங்கியவர் நீங்கள், அதனால் பயப்படாமல் பளீர் என்றே பூசுங்கள். நம் ஊர்க் கண்ணுக்கு அது அந்நியமும் இல்லை.

முப்பரிமாண அச்சு இயந்திரம் பற்றிக் கேட்கப் போகிறீர்கள். இன்றைக்குக் கணினியில் செதுக்கும் சிற்பிகள் விற்கும் டிஜிட்டல் கோப்பைக் காசு கொடுத்து வாங்கி அச்சிடுங்கள், படை திரட்ட அதைவிட மலிவான வழி இல்லை. ஆனால் பழைய பொம்மையை ஸ்கேன் செய்த திருட்டுக் கோப்பு எனக்குப் பிடிக்காது. சட்டத்தை விடுங்கள், அதில் விரல்தடமே இருக்காது. சிட்டாடல் சிற்பிகளான பெரி சகோதரர்களோ ஜெஸ் குட்வினோ கையால் எம்-சீல் மாதிரிப் பட்டி பிசைந்து செய்த உருவத்தில் ஒரு பக்க மீசை கொஞ்சம் தடிப்பாக இருக்கும், அதற்காகத்தானே அதைத் தேடுகிறோம்? ரெசின் திரவத்தைக் கையுறை இல்லாமல் தொடக்கூடாது, சின்ன ஃபிளாட்டில் படுக்கையறைக்குப் பக்கத்தில் வைக்கவும் கூடாது.

கடைசியாக, என்ன போரை ஆடுவது. எல்லோரும் வாட்டர்லூவுக்கு ஓடுவார்கள். நீங்கள் இருப்பது சென்னையில். 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் ஜார்ஜ் கோட்டையைப் பிடித்தார்கள். தனக்குத் தருவதாகச் சொன்ன ஊர் கைக்கு வராத கோபத்தில் ஆற்காடு நவாப் அன்வருத்தீன் தன் மகன் மாபூஸ் கானைப் பெரிய படையோடு அனுப்பினார். புதுச்சேரியிலிருந்து கோட்டைக்கு உதவியாக வந்த பாரடி என்ற அதிகாரியின் படை, அடையாற்றங்கரையில், இப்போது குயிபிள் தீவு என்று நாம் சொல்லும் பகுதியில், அவர்களை எதிர்கொண்டது. நவாப் பக்கம் சுமார் பத்தாயிரம் பேர், பீரங்கிகளும் உண்டு. பாரடியிடம் ஏறக்குறைய ஆயிரம் பேர்தான், அதிலும் பெரும்பகுதி ஐரோப்பிய முறையில் பழக்கப்பட்ட இந்தியச் சிப்பாய்கள், பீரங்கி இல்லை. ஆற்றில் இறங்கிக் கடந்து, வரிசையாகச் சுட்டு, துப்பாக்கிமுனைக் கத்தியோடு பாய்ந்தார்கள். நவாப் படை சாந்தோம் தெருக்களுக்குள் நெருக்கியடித்து ஓடியது. தென்னிந்திய அரசியலையே அந்த ஒரு நாள் திருப்பிவிட்டது. புதுச்சேரியில் இருந்தபடி ஆனந்தரங்கப் பிள்ளை அந்த வருடச் சம்பவங்களைத் தமிழில் நாட்குறிப்பாக எழுதிக்கொண்டிருந்தார், அது அச்சில் கிடைக்கிறது. ஆயுதங்களைக் கண்ணால் பார்க்கக் கோட்டை அருங்காட்சியகம் இருக்கிறது.

டிபிஏ 1500-ஓடு நின்றுவிடும், ஆகவே இதற்கு ஃபெதர்ஸ்டோனின் துப்பாக்கிக்கால விதிகளை எடுங்கள். ஓர் உருவத்துக்கு ஐம்பது பேர் என்று வைத்தால் பாரடிக்கு இருபது உருவம், நவாபுக்கு இருநூறு. இருநூறையும் ஈயத்தில் வாங்கினால் குடும்பத்தில் பதில் சொல்ல முடியாது. தடித்த அட்டையில் அச்சடித்த காகிதச் சிப்பாய்கள் அதற்குப் போதும், அதுவும் பழைய மரபுதான். ஆற்றைக் கடக்கும்போது பாரடியின் ஆட்கள் சுட முடியாது, பாதி வேகம்தான். அதற்கு நடுவே நவாப் பீரங்கிகளுக்குச் சுடக் கிடைப்பது ஒரே முறை, திரும்பக் குண்டு நிரப்ப மூன்று முறை ஆகும். பருவமழைக் காலத்துப் போர் என்பதால், ஆட்டம் தொடங்கும் முன் ஒரு பகடை உருட்டி ஆற்றின் ஆழத்தைத் தீர்மானியுங்கள். ஆறு விழுந்தால் கடக்க ஒரு முறை கூடுதலாகும், அப்போதுதான் மாபூஸ் கானாக உட்கார்ந்திருப்பவருக்கும் ஜெயிக்க வாய்ப்பு வரும்.